தலைவர் வரும்வரை லிங்கன்

பஸ் ஸ்டாண்டு வாசல்ல அந்தப் பொண்ணு ஸ்கூட்டியை நிறுத்திட்டுக் கையைத் தூக்கிக் காட்டினப்பவே, 'உடம்புக்கு முடியலம்மா, இன்னொரு நாள் வரேன்'னு சொல்லிட்டு வந்த பஸ்லயே திரும்பியிருக்கணும். சொல்லல. முப்பத்தொரு வருஷமா எனக்குச் சோறு போடுற வாய் இது, வேணுங்கிற நேரத்துல மட்டும் தொறக்காது, சனியன். "வாங்கய்யா, மேடையில பெரிய ஆளாத் தெரிவீங்க, நேர்ல இவ்ளோ ஒல்லியா இருக்கீங்களே"ன்னு சிரிச்சா. சிரிக்கிறா! அம்மா செத்து இன்னிக்குப் பதினாறாம் நாள், கண்ணுக்குக் கீழ கரியைத் தடவின மாதிரி இருக்கு, அதோட எனக்காகச் சிரிக்கிறா. இவ பேரு வெண்மதி. இவங்கம்மா பேரு அஞ்சலாட்சி. இவங்கம்மாவை நாந்தான்... வேணாம், அந்த வார்த்தை வேணாம், நான் ஒண்ணும் கையால தொடலையே. கையால தொட்டாத்தானா? இப்படித்தான் ரெண்டு வாரமா உள்ள ஒரு வக்கீலும் எதிர் வக்கீலும் விடாம வாதாடுறானுங்க, ரெண்டு பேரும் நானே, தீர்ப்பு சொல்றவன் மட்டும் வந்த பாடில்ல. ஏறி உக்காந்துட்டேன். விருத்தாசலத்துலேருந்து அவங்க ஊரு கீழ்ப்பாதூர் எட்டு கிலோமீட்டராம். அவ தோளைப் பிடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, பின்பக்கத்துக் கம்பியைப் பிடிச்சேன், பதினோரு மணி வெயில்ல கம்பி சுடுது. சுடட்டும். "நல்லாப் பிடிச்சிக்குங்கய்யா, பீங்கான் கம்பெனி தாண்டினா ரோடு குண்டும் குழியுமா இருக்கும்." சரிம்மா. இந்த 'சரிம்மா'தான் என்னை இங்க கொண்டாந்து விட்டது. மூணு நாளுக்கு முன்னாடி போன் பண்ணினா. "ஐயா, நான் அஞ்சலாட்சியோட பொண்ணு பேசுறேன்"ன்னதும் தெரிஞ்சு போச்சு, கேக்கப் போறா, 'எங்கம்மாவை என்னடா பண்ணின'ன்னு கேக்கப் போறான்னு நினைச்சேன். அவ கேட்டது வேற. படத்திறப்புக்கு நீங்கதான் வரணும், நீங்கதான் படத்தைத் தொறந்து வச்சுப் பேசணும், அம்மாவுக்கு உங்க பேச்சுன்னா உசுரு.

உசுருன்னுதான் சொன்னா. எங்க கட்சிக் குடும்பங்கள்ல கருமாதி கிடையாது, எள்ளும் தண்ணியும் இறைக்கிறது கிடையாது. பந்தல் போட்டு, செத்தவங்க படத்தைத் துணியால மூடி வச்சிருப்பாங்க, ஒருத்தர் வந்து துணியை விலக்குவாரு, நாலு பேரு பேசுவாங்க, அப்புறம் சாப்பாடு. எத்தனை படம் தொறந்திருக்கேன்! துணியை விலக்கினதும் ஒரு நிமிஷம் படத்தையே பார்த்துட்டு நிக்கணும், அப்பத்தான் பொம்பளைங்க அழுவாங்க, அழுகை அடங்கினதும் ஆரம்பிக்கணும், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இன்னிக்கு அந்தத் துணியை விலக்கினா அந்த முகம் என்னைப் பார்க்கும். நான் அதை ஏற்கெனவே பார்த்திருக்கேன். மூணாவது வரிசை, இடது ஓரம், மஞ்சள் சேலை, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வெட்கமாச் சிரிச்ச முகம். பஸ்ல வரும்போது துண்டுச் சீட்டுல குறிப்பு எழுதி வச்சேன், மனுஷனா நான், பாக்கெட்டுல பனங்கற்கண்டோட சேர்ந்து கிடக்கு. 'கொள்கைக் குன்று அஞ்சலாட்சி அம்மையார். கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாது.' பொருட்படுத்தாதுன்னு எழுதிட்டேன்யா! எழுதும்போது கை நடுங்கல, பஸ்தான் ஆடிச்சு. அந்தம்மா பொருட்படுத்தினாங்க. நல்லாவே பொருட்படுத்தினாங்க. எழுந்தாங்க. அது எனக்குத் தெரியும், கூட உக்காந்திருந்த அஞ்சாறு பொம்பளைங்களுக்குத் தெரியும், அவங்க ஒருத்தரும் வாயைத் தொறக்கல போலிருக்கு, ஏன்னா நான் சொன்னதுக்குச் சிரிச்சவங்க அவங்களும்தானே.

என் பேரு கொளஞ்சிநாதன். போஸ்டர்ல 'லிங்கன்' கொளஞ்சி. தலைவருங்க பக்கத்துல என் படம் இருக்காது, கீழ வரிசையில ஸ்டாம்பு அளவுல இருக்கும். என் வேலை என்னன்னா, தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமப் பிடிச்சு வைக்கிறது. நாலு மணிக்கு வர்றேன்னவரு ஏழு மணிக்கு வருவாரு, அஞ்சு ஊர்ல நிக்கணும், வேன் மெதுவாத்தான் வரும், அதுவரைக்கும் நாந்தான். பட்டப்படிப்புல வரலாறு எடுத்து, அதுலயும் ரெண்டு பேப்பர் போனவன் நான், அதுல மண்டைக்குள்ள நின்னது லிங்கன் ஒருத்தன்தான். மரக்குடிசையில பொறந்தவன், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒசரம், மூஞ்சி அழகில்லைன்னு ஊரே கேலி பண்ணினது, எல்லாம் நம்ம ஜனங்களுக்குப் பிடிக்கும். தாடி கதையை எடுத்தேன்னா தாய்மார்கள் பக்கம் அசையாது. பதினோரு வயசுச் சிறுமி கடுதாசி போடுறா, ஐயா உங்க மொகம் ஒட்டிப் போயிருக்கு, தாடி வளருங்க, பொம்பளைங்களுக்குப் புடிக்கும், அவங்க புருஷன்மார்கிட்டச் சொல்லி உங்களுக்கு ஓட்டுப் போட வைப்பாங்கன்னு. ஜெயிச்சான். அப்புறம் தாடியும் வளர்த்தான். சிரிப்பு அள்ளிக்கும். அது முடிஞ்சா எதிர்க்கட்சி டக்ளஸ்கூட ஏழு ஊர்ல வாதம் பண்ணின கதை. ஒருத்தன் ஒரு மணி நேரம், அடுத்தவன் ஒண்ணரை மணி, மறுபடி மொதல் ஆள் அரை மணி, ஆக மொத்தம் மூணு மணி நேரம். அவன் மாநிலத்துல ஒட்டாவாங்கிற சின்ன ஊர்ல ஆகஸ்டு மாச வெயில்ல, புழுதியில, ஆயிரக்கணக்கான சனம் உக்காரக்கூட எடமில்லாம நின்னுக்கிட்டே கேட்டாங்க! அங்க நிறுத்தி, கீழ விரலை நீட்டி, 'உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறோமே, என் அருமைத் தாய்மார்களே!' கைதட்டல். பத்து வருஷமா அந்த இடத்துல கைதட்டல் வாங்கறேன். அந்தப் புழுதியில எத்தனை பேரு மயங்கி விழுந்தாங்களோ, எனக்கென்ன தெரியும், நான் போய்ப் பார்த்தேனா?

முந்திரித் தோப்பு வந்துடுச்சு. எதிர்ல வந்த லாரி புழுதியை வாரி இறைச்சுட்டுப் போவுது. அவ துப்பட்டாவை இழுத்து மூக்கை மூடிக்கிட்டு, "கண்ணுல விழுந்துடுச்சாய்யா?"ன்னு கேக்குறா. இல்லம்மான்னேன். விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும், அழறதுக்கு ஒரு சாக்கு. அன்னிக்குக் கூட்டம் நடந்த சந்தைத்தோப்புத் திடல்லயும் இதே புழுதிதான். சாமியானா இருந்தது, இல்லைன்னு சொல்லல, ஆனா மூணு மணிக்குப் போட்ட நிழல் நாலரைக்கு நகர்ந்து போயிடுது, நாற்காலி நகராது. எடது ஓரத்துல இருந்தவங்க எல்லாம் முழு வெயில்ல. மேடையில எனக்கு மின்விசிறி. ஒன்றியச் செயலாளர் ஒரு சீட்டு அனுப்பினாரு, 'இன்னும் அரை மணி, ஆளை விடாதீங்க.' ஆளை விடாதீங்கன்னா என்ன அர்த்தம்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் எழுந்தா பத்து பேரு எழுவாங்க, பத்து பேரு எழுந்தா பந்தலே காலி, தலைவர் வந்து வெறும் நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொல்லணும். அதனால மொத ஆளை உக்கார வச்சுடணும், திட்டி இல்ல, சிரிக்க வச்சு. இதுல நான் கில்லாடி. அஞ்சு அடிக்கப் பத்து நிமிஷம், சீட்டு வந்ததுலேருந்து எவ்வளவு ஆச்சுன்னு கடிகாரத்தைப் பார்த்தேன், நிமிர்ந்தா மஞ்சள் சேலை எழுந்து நிக்குது. கையில ஒயர் கூடை. இன்னொரு கையால முன்னாடி இருந்த நாற்காலியைப் பிடிச்சிருந்தாங்க. அதை நான் பார்த்தேனா, இப்பச் சேர்த்துக்கறேனா? பார்த்தேன். பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க. அப்படியும் வாய் ஓடிடுச்சு. 'அந்த மஞ்சள் சேலை அக்கா! நாலு லட்சம் இல்ல, நாப்பது லட்சம் அடிமைங்க விலங்கு ஒடைய இன்னும் ரெண்டே நிமிஷம் இருக்கு, இப்பப் போய் எழுந்திரிக்கிறீங்களே, நீங்க போயிட்டா லிங்கன் யாருக்குக் கையெழுத்துப் போடுவான்?' திடலே குலுங்கிச் சிரிச்சது. அந்தம்மா சுத்திலும் பார்த்தாங்க, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க, உக்காந்துட்டாங்க. எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா இருந்துச்சு. ஒரு ஆளைக்கூட விடலைன்னு. இருவது நிமிஷம் கழிச்சு அந்தப் பக்கம் சலசலப்பு, நாலு பேரு ஒரு மஞ்சள் சேலையைத் தூக்கிட்டுப் போறாங்க, நான் மைக்ல என்ன சொன்னேன்? 'பதறாதீங்க, காத்து விடுங்க, தண்ணி குடுங்க'ன்னேன். சொல்லிட்டு, விட்ட எடத்துலேருந்து தொடர்ந்தேன். விட்ட எடம் எதுன்னு எனக்கு மறக்கவே இல்ல, அதுதான் கொடுமை. மறுநாள் காலையில ஆஸ்பத்திரியில உசுரு போச்சு. 'ஏற்கெனவே சர்க்கரை இருந்துச்சாம்'னு செயலாளர் சொன்னாரு. எனக்கும் சர்க்கரை இருக்கு, நான் மின்விசிறிக்குக் கீழ இருந்தேன்.

லிங்கனாம் லிங்கன். கெட்டிஸ்பர்க்ல லிங்கன் பேசினது ரெண்டு மூணு நிமிஷம்னு எத்தனை மேடையில சொல்லியிருப்பேன், அதைச் சொல்றதுக்கு நான் ஒண்ணரை மணி நேரம் எடுத்துக்குவேன், ஒரு பய எழுந்து 'யோவ், நீ எப்ப முடிப்ப'ன்னு கேட்டதில்ல. அன்னிக்கு லிங்கனுக்கு முன்னாடி எவரெட்டுன்னு ஒரு பெரிய பேச்சாளன் ரெண்டு மணி நேரம் பேசினான், மயானத்துல, செத்த சிப்பாய்ங்களுக்காக. நான் அந்த ஆளு. முப்பத்தொரு வருஷமா எவரெட்டா இருந்துக்கிட்டு லிங்கன்னு பேரு போட்டுக்கிட்டவன். அதுலயும் எவரெட்டு யோக்கியன்யா, மறுநாளே லிங்கனுக்குக் கடுதாசி எழுதினான், நான் ரெண்டு மணி நேரத்துல தொடாததை நீங்க ரெண்டு நிமிஷத்துல தொட்டுட்டீங்கன்னு ஒத்துக்கிட்டான். மறுநாளே! எனக்குப் பதினாறு நாள் ஆச்சு. இன்னொண்ணு இருக்கு, நான் எந்த மேடையிலயும் சொல்லாத லிங்கன் கதை. பியோரியாங்கிற ஊரு. டக்ளஸ் மத்தியானம் பூரா மூணு மணி நேரம் பேசி முடிச்சுட்டான், மணி அஞ்சைத் தாண்டிப் போச்சு, சனம் 'லிங்கன் லிங்கன்'னு கத்துது. எழுந்து நின்னவன் என்ன சொன்னான் தெரியுமா? நானும் அவ்வளவு நேரம் பேசுவேன், எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு ஏழு மணிக்கு வாங்கன்னுட்டான். போகச் சொல்லிட்டான்! அவனும் சும்மா ஆளில்ல, தனக்கப்புறம் பதில் பேச டக்ளஸுக்கும் நேரம் குடுத்தான், ஏன்னா அப்பத்தான் அவன் ஆளுங்களும் திரும்பி வருவாங்களாம், அதையும் ஒளிக்காம மேடையிலயே சொன்னான். போனாங்க, சாப்பிட்டாங்க, வந்தாங்க, ராத்திரி மூணு மணி நேரம் கேட்டாங்க. படிச்ச அன்னிக்கே தெரியும் எனக்கு, இது நம்ம தொழிலுக்கு ஆவாத கதைன்னு. சாப்பிடப் போன சனம் திரும்பி வரும்னு நம்ப எனக்குத் தெம்பு இல்ல. அந்தம்மா வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மோர் குடிச்சிருந்தா அடுத்த கூட்டத்துக்கு வந்திருப்பாங்க. அடுத்த கூட்டத்துக்கும் வந்திருப்பாங்க. எனக்காகத்தானே வந்தாங்களாம்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா?"ன்னு முன்னாலேருந்து குரல். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. சொல்லும்மா. "நீங்க பேசும்போது அம்மாவைப் பத்தி மட்டும் பேசுங்க. என்னைப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்லிடாதீங்க. பாசமான மகள், அது இதுன்னு." ஏம்மான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வண்டி ஓட்டிக்கிட்டே, ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொல்றா, மூஞ்சி தெரியல, கண்ணாடியில நெத்தி மட்டும் தெரியுது. தையக்கடை வச்சிருக்காளாம். அன்னிக்குக் கல்யாணப் பொண்ணு ஒருத்தி ஜாக்கெட்டுக்காகக் கடையிலேயே வந்து உக்காந்துட்டாளாம். நாலரைக்கு அம்மா போன். தலை சுத்துது, வண்டியை எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போடின்னு. "நான் என்ன சொன்னேன் தெரியுமாய்யா? சும்மா இரும்மா, எழுந்து நடந்தா விழுந்து வைப்ப, அங்கயே உக்காந்திரு, ஆறு மணிக்கு வரேன்னேன். சிடுசிடுன்னு சொன்னேன். அது உக்காந்தே இருந்திருக்கு. நான் சொன்னேன்னு உக்காந்தே இருந்து..." காத்துல அவ துப்பட்டா நுனி என் கையில அடிச்சுக்கிட்டே வருது. அட கடவுளேன்னு வாய்க்குள்ள வந்துச்சு, முப்பத்தொரு வருஷமா மேடையில கடவுள் இல்லைன்னு பேசினவனுக்கு. இவ சுமக்குறாளே. என் மூட்டையை இவ தலையில வச்சிக்கிட்டுப் பதினாறு நாளா நடக்குறாளே, அதோட என்னையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறாளே! சொல்லுடா. சொல்லேன்டா, எழுந்தாங்கன்னு சொல்லு, ஒரே ஒரு சொல்லு, மைக் வேணாம், மாலை வேணாம். சொன்னா என்ன ஆவும்? படத்திறப்புல செயலாளர் இருப்பாரு, நாலு ஊரு ஆளுங்க இருப்பாங்க, அப்புறம் எந்த ஊர்லயும் இந்த வாயை மேடை ஏத்த மாட்டாங்க, எனக்கு வேற எதுவும் தெரியாது, அறுபத்திரண்டு வயசுல நான் போய் முந்திரியா உடைக்க முடியும்? சரி, சொல்லாம இருந்தா? படத்தைத் தொறந்துட்டு, கொள்கைக் குன்றுன்னுட்டு, சாப்பிட்டுட்டு, இவளே திரும்ப பஸ்ல ஏத்தி விடுவா, கையைக் காட்டுவா. பாக்கெட்டுல கையை விட்டுக் கல்கண்டை எடுத்து வாயில போட்டேன், பாரு, இந்த நேரத்துலயும் தொண்டையைப் பார்த்துக்கிறான்.

ரயில்வே கேட்டு மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி, காலை ஊணி, சாவியைத் திருப்பினா. திடீர்னு சத்தமே இல்ல, பின்னால ஒரு டிராக்டர் மட்டும் உறுமிக்கிட்டு நிக்குது. நான் எறங்கினேன். "உக்காருங்கய்யா, அஞ்சு நிமிஷத்துல போயிடும்." உக்காருங்கன்னு சொல்றா. வெண்மதின்னு கூப்பிட்டேன். திரும்பினா. அம்மா எழுந்தாங்கம்மான்னேன். அவளுக்குப் புரியல, என்னய்யான்னா. மேடையிலேருந்து நான் பார்த்தேன்மா. அஞ்சு அடிக்கப் பத்து நிமிஷம், கடிகாரம் பார்த்தேன், ஒயர் கூடையைக் கையில எடுத்துக்கிட்டு எழுந்து நின்னாங்க, கெளம்பிட்டாங்க, நாந்தான் மைக்ல கேலி பண்ணினேன், எல்லாரும் சிரிச்சாங்க, அதுல கூச்சப்பட்டு உக்காந்துட்டாங்க. முன்னாடி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க, அதையும் பார்த்தேன், பார்த்துட்டுத்தான் பேசினேன். இவ்வளவுதான் சொன்னேன். அடுக்குமொழி வரல. ரயில் வந்தது, கூட்ஸ், போவுது போவுது போய்க்கிட்டே இருக்கு, ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, அவ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. அடிக்கப் போறான்னு நினைச்சேன், அடிச்சா நல்லாருக்கும்னு நினைச்சேன். கடைசிப் பெட்டி போனதும்தான் அவ குரல் கேட்டது. "நாலரைக்கு நான் போன்ல சொன்னது. அம்மா எழுந்தது அதுக்கு அப்புறமா?" அப்புறம்தாம்மா. "அப்ப நான் சொன்னதைக் கேக்கலையா அது?" கேக்கலம்மா. கெளம்பிட்டாங்க. அவ மொகம் கோணிக்கிட்டு வந்தது, அழறாளா சிரிக்கிறாளான்னு தெரியல, ரெண்டும்தான். "அதான பார்த்தேன். எங்கம்மா என்னிக்கு எம்பேச்சைக் கேட்டுச்சு? பொறந்ததுலேருந்து ஒரு நாள் கேட்டதில்லய்யா அது!" ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. அவங்கம்மா மாதிரியே பொத்திக்கிட்டா. அப்புறம் கையை எடுத்துட்டு, மெதுவா, என்னைப் பார்த்து, "உங்க பேச்சைக் கேட்டுடுச்சு"ன்னா.

கேட்டு தொறந்துடுச்சு. டிராக்டர்காரன் ஹாரனை அழுத்துறான், "என்னா, அங்கியே குடும்பம் நடத்துறீங்களா, வண்டிய எடுங்க"ன்னு கத்துறான். அவ சாவியைப் போட்டா, ஸ்டார்ட் பண்ணினா. நான் ரோட்டு ஓரமா நின்னேன். இங்கேருந்து நடந்தே திரும்பிடலாம், பஸ் ஸ்டாண்டு நாலஞ்சு கிலோமீட்டர் இருக்கும், மயங்கி விழுந்தாலும் கணக்கு சரியாப் போயிடும்னு ஒரு நினைப்பு, அந்த நினைப்பும் எனக்கு வசதியாத்தான் வருது, பாரு. "ஏறுங்க"ன்னா. நான் எப்படிம்மா அங்க வந்து... "ஏறுங்கய்யா. என்கிட்டச் சொன்னது பத்தாது. அங்க எங்கப்பா இருக்காரு. போன்ல நான் சொன்னதை ஒளிக்காம அவர்கிட்டச் சொன்னேன். அன்னிலேருந்து என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கல அவரு, என் மூஞ்சியைப் பார்க்கல." துப்பட்டாவால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. "படத்தை வேற யாராவது தொறக்கட்டும். நீங்க நேரா அவர் பக்கத்துல போய் உக்காந்து இதை அப்படியே சொல்லுங்க. அவருக்குக் காது சரியாக் கேக்காது, கத்தித்தான் சொல்லணும். பந்தல்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்கும்." நான் கம்பியைப் பிடிச்சு ஏறி உக்காந்தேன். வண்டி தண்டவாளத்து மேல ஏறும்போது தூக்கிப் போட்டது, ரெண்டு தடவை. எந்தக் காதும்மா கொஞ்சமாவது கேக்கும், எடதா, வலதான்னு கேட்டேன். வலதுன்னா.